20 குழந்தைகள், 2 பேர், 3 மணி நேரம்: ப்ளே ஸ்கூலுக்குள்ள என்னதான் நடக்குது?

காலை 9.20. கேட்டுக்கு முன்னால் ஒரு ஸ்கூட்டி. இன்ஜின் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. முன்னால் நின்றபடியே வந்த இரண்டரை வயசுப் பிள்ளை ஹேண்டில்பாரை விட மாட்டேன் என்று பிடித்துக்கொண்டு நிற்கிறது. அப்பாவுக்கு 9.45-க்கு மீட்டிங். உள்ளேயிருந்து ஆயாம்மா வருகிறார். "வாடா தங்கம், மீன் பாக்கலாம் வா" என்று தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்கிறார். அழுகைச் சத்தம் உள்ளே போகிறது, ஸ்கூட்டி கிளம்புகிறது.

மதியம் 12.30. அதே பிள்ளை, சட்டையில் மஞ்சள் க்ரேயான் கறையோடு சிரித்துக்கொண்டே வெளியே வருகிறது. வீட்டில் முதல் கேள்வி: "இன்னிக்கு மிஸ் என்ன சொல்லிக் கொடுத்தாங்க?"

பதில்: "ஒண்ணும் இல்ல."

நம்ம ஊரில் தினமும் நடக்கிற காட்சிதான் இது. அந்த "ஒண்ணும் இல்ல"வைக் கேட்டதும் பல வீடுகளில் சந்தேகம் வரும். ஃபீஸ் கட்டுறோம், நோட்டில் ஒரு எழுத்துகூட இல்லையே? உள்ளே சும்மா விளையாட விட்டுடுறாங்களா?

இரண்டு, மூன்று வயசுக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வதும், அவர்களுக்குக் கற்றுக்கொடுப்பதும் ஏன் இவ்வளவு கடினமான வேலை? அந்த 3 மணி நேரம் எப்படிக் கரைகிறது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு

தனியார் ப்ளே ஸ்கூல்களுக்காக தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 20 குழந்தைகளுக்கு ஒரு ஆசிரியரும் ஒரு பராமரிப்பாளரும் இருக்க வேண்டும். ஒரு நாளைக்கு 3 முதல் 4 மணி நேரம் பள்ளி நடக்கலாம்.

விதிப்படி எல்லாம் சரியாக இருக்கும் ஒரு வகுப்பையே எடுத்துக்கொள்வோம். 2 பேர், ஆளுக்கு 180 நிமிடம். மொத்தம் 360 நிமிடம். 20 குழந்தைகளுக்குப் பிரித்தால் ஆளுக்கு 18 நிமிடம்.

இப்போது செலவுக் கணக்கு. ஒரு குழந்தை 3 மணி நேரத்தில் இரண்டு தடவை பாத்ரூம் போகிறது என்று வைப்போம். கூட்டிப் போய், டவுசரைக் கழற்றி, கழுவிவிட்டு, மாட்டிவிட்டு, கை கழுவ வைத்து அழைத்து வர ஒரு தடவைக்கு 4 நிமிடம். 20 குழந்தைகளுக்கு 160 நிமிடம் போச்சு.

ஸ்நாக்ஸ் டைம்: டப்பாவைத் திறந்து கொடுக்கணும், ஊட்டணும், கொட்டினதைத் துடைக்கணும், வாய் கழுவிவிடணும். ஒரு குழந்தைக்கு 3 நிமிடம் என்றாலும் 60 நிமிடம்.

வரும்போதும் போகும்போதும் ஷூ, பை, வாட்டர் பாட்டில், அழுகை, டாட்டா. தலா 2 நிமிடம் என்றால் 80 நிமிடம்.

மொத்தம் 300 நிமிடம். மிச்சம் 60. அதை 20 பேருக்குப் பிரித்தால் ஒரு குழந்தைக்கு 3 நிமிடம்!

இது துல்லியமான ஆய்வு இல்லை, ஒரு உத்தேசக் கணக்குதான். ஒரே நேரத்தில் இரண்டு குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் சாமர்த்தியம் பல மிஸ்களுக்கு உண்டு என்பதால் நிஜத்தில் நேரம் கொஞ்சம் கூடுதலாகவே கிடைக்கலாம். ஆனால் இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். ஆயாம்மாவுக்கு ஒரு நாள் காய்ச்சல், லீவு. அன்று கையில் இருப்பது மொத்தமே 180 நிமிடம். தேவை 300. கணக்கு உதைக்கிறது.

அந்த 120 நிமிடத்தை எங்கிருந்து எடுப்பார்கள்? நனைந்த டவுசர் கொஞ்ச நேரம் அப்படியே இருக்கும். சாப்பிடாத பிள்ளையின் டப்பா அப்படியே மூடப்படும். டிவியில் ரைம்ஸ் ஓடும், 20 பேரும் அதன் முன்னால் உட்கார வைக்கப்படுவார்கள். யாரும் கெட்டவர்கள் ஆகிவிடவில்லை. ஆள் பற்றவில்லை, அவ்வளவுதான்.

அதனால்தான் இந்த விஷயத்தில் எல்லாக் கேள்விகளும் கடைசியில் 'எத்தனை பிள்ளைக்கு எத்தனை ஆள்?' என்ற ஒரே கேள்வியில் வந்து நிற்கின்றன. 2013-ல் வந்த தேசிய முன்பருவக் குழந்தைப் பராமரிப்பு மற்றும் கல்விக் கொள்கையும் இதைத்தான் சொல்கிறது: 3 முதல் 6 வயது வரை 20 பேருக்கு ஒருவர். 3 வயதுக்குக் கீழே என்றால் 10 பேருக்கு ஒருவர். வயசு குறையக் குறைய ஆள் கூட வேண்டும்.

அந்த அழுகை ஏன்?

ஜூன் மாதம் முதல் வாரம் எந்த ப்ளே ஸ்கூல் பக்கம் போனாலும் இந்தச் சத்தம் கேட்கும். ஒரு பிள்ளை "அம்மா வேணும்" என்று தொடங்கினால், அதுவரை சும்மா இருந்த பிள்ளையும் சேர்ந்துகொள்ளும்.

இதைப் பிரிவுப் பதற்றம் என்கிறார்கள். ஒரு வயசுக்குக் கொஞ்சம் முன்னால் தொடங்கி, ஒன்றரை வயசு வரை உச்சத்தில் இருந்து, 3 வயசு நெருங்கும்போது மெல்லக் குறைவது வழக்கம். 'அம்மா கண்ணுக்குத் தெரியலைன்னாலும் திரும்பி வருவாங்க' என்ற நம்பிக்கை பிள்ளைக்கு ஒரே நாளில் வந்துவிடாது. "மூணு மணி நேரத்துல வந்துடுவேன்" என்பதில் மூணு என்பதும் புரியாது, மணி நேரம் என்பதும் புரியாது. "ஸ்நாக்ஸ் சாப்ட்டு, பாட்டு பாடி முடிச்சதும் வந்துடுவேன்" என்றால் ஓரளவு புரியும்.

மிஸ்களுக்குப் பெரிய தலைவலி அழுகிற பிள்ளை இல்லை. சொல்லாமல் நழுவிப் போகும் பெற்றோர்தான். பிள்ளை பொம்மையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பின்பக்கமாகக் கிளம்பிவிட்டால் அந்த நேரத்துக்கு அழுகை இருக்காது. ஆனால் மறுநாளிலிருந்து பிள்ளை பொம்மையைத் தொடவே தொடாது. கண்ணை எடுத்தால் அம்மா காணாமல் போய்விடுவார் என்று அது கற்றுக்கொண்டுவிட்டது.

சுருக்கமாக, சிரித்த முகத்தோடு, ஒரே மாதிரி டாட்டா சொல்லிவிட்டுக் கிளம்புவதுதான் நல்ல வழி. போய்விட்டு, மனசு கேட்காமல் ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்க வேண்டாம். பிள்ளை பார்த்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து.

'மிஸ், இவன் கடிச்சிட்டான்'

வாட்ஸ்அப் குரூப்பில் சண்டை வர வைக்கும் விஷயம் ஒன்று உண்டு என்றால் அது கடிதான். கன்னத்தில் பல் தடத்தோடு பிள்ளை வீட்டுக்கு வந்தால் எந்த அம்மாவுக்குத்தான் பதறாது?

ஆனால் ஒன்று முதல் மூன்று வயசுக்குள் கடிப்பது மிகச் சாதாரணம். காரணம் எளிமையானது. அந்தப் பிள்ளைக்குக் கோபம் இருக்கிறது, அதைச் சொல்லும் வார்த்தை இல்லை. 'அது என்னோடது, கொடு' என்று சொல்லத் தெரிவதற்கு முன்னால் பல் முளைத்துவிடுகிறது. பல் முளைக்கும் வலி, தூக்கக் கலக்கம், கூட்டம், பசி என்று வேறு காரணங்களும் சேரும்.

இன்னொரு விஷயம், 'ஷேர் பண்ணு' என்று நாம் சொல்வது. இரண்டு வயசில் பிள்ளைகள் பெரும்பாலும் சேர்ந்து விளையாடுவதில்லை, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தனித்தனியாக விளையாடுகிறார்கள். அமெரிக்க ஆய்வாளர் மில்ட்ரெட் பார்ட்டன் 1930-களிலேயே இதைக் கவனித்து, 'இணை விளையாட்டு' என்று வகைப்படுத்தினார். விட்டுக்கொடுப்பது அதற்கப்புறம் மெல்ல வரும் பழக்கம். அதனால் அனுபவமுள்ள மிஸ்கள் ஒரு சிவப்புக் கார் வாங்க மாட்டார்கள். அதே மாதிரி மூணு வாங்கி வைப்பார்கள்.

கடி விழுந்ததும் செய்ய வேண்டியது என்ன? முதலில் கடிபட்ட பிள்ளையைக் கவனிக்க வேண்டும். அப்புறம் கடித்த பிள்ளையிடம் ஒரே வரியில், "கடிக்கக் கூடாது, வலிக்கும்" என்று சொல்ல வேண்டும். திருப்பிக் கடித்துக் காட்டுவது, 'கெட்ட பையன்' என்று பெயர் வைப்பது இரண்டும் வேலைக்கு ஆகாது. எந்த நேரத்தில், எந்த இடத்தில், யார் பக்கத்தில் இருக்கும்போது கடிக்கிறது என்று நாலு நாள் குறித்து வைத்தால் பெரும்பாலும் காரணம் பிடிபட்டுவிடும். பல நல்ல பள்ளிகள் கடித்த பிள்ளையின் பெயரை மற்ற பெற்றோரிடம் சொல்வதில்லை. இன்று கடித்தது அடுத்த வீட்டுப் பிள்ளை, நாளை உங்கள் பிள்ளையாகவும் இருக்கலாம்.

யாரும் பேசாத பாத்ரூம் பிரச்சினை

'டயப்பர் விட்டாச்சா?' அட்மிஷனில் பல இடங்களில் கேட்கப்படும் முதல் கேள்வி. இல்லை என்றால், பழக்கிவிட்டு வாங்க என்பார்கள்.

ஒன்றரை வயசிலிருந்து மூன்று வயசுக்குள், ஒவ்வொரு பிள்ளையும் தனக்கான நேரத்தில்தான் இதற்குத் தயாராகிறது. அட்மிஷன் தேதிக்காக அவசரப்படுத்தினால், அடக்கிவைத்துக்கொள்வது, மலச்சிக்கல் என்று அது வேறு பிரச்சினையில் போய் முடியலாம். வீட்டில் பழகிய பிள்ளைகூடப் புது இடத்தில், புது ஆளிடம் சொல்லக் கூச்சப்பட்டு நனைத்துவிடும்.

இங்கே மொழியும் ஒரு சிக்கல். ஒரு வீட்டில் 'உச்சா', இன்னொரு வீட்டில் 'சூச்சூ', மூன்றாவது வீட்டில் 'ஒண்ணுக்கு'. 'ஆய்', 'கக்கா', 'பாட்டி' என்று அதற்கும் பல பெயர்கள். பிள்ளை எந்த வார்த்தையைச் சொல்லும் என்பது மிஸ்ஸுக்குத் தெரியாவிட்டால், தெரிந்துகொள்வதற்குள் காரியம் முடிந்துவிடும். சேர்க்கும்போதே அந்த வார்த்தையை எழுதிக் கொடுப்பது சின்ன விஷயம்தான், ஆனால் பிள்ளைக்குப் பெரிய உதவி.

பாதுகாப்பும் இங்கேதான் வருகிறது. யார் கழுவிவிடுகிறார்கள், கதவு எப்படி இருக்கும், அந்த நேரத்தில் இன்னொரு பெரியவர் பார்வைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறாரா என்பதெல்லாம் தயங்காமல் கேட்க வேண்டிய கேள்விகள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டம் 2012-லேயே வந்துவிட்டது. 18 வயதுக்குக் கீழ் உள்ள எல்லோரையும் காப்பது அது, பேசத் தெரியாத வயசுப் பிள்ளைகளையும் சேர்த்து.

இந்த 160 நிமிட வேலையைச் செய்பவர் பெரும்பாலும் ஆயாம்மா. ஆண்டு விழா மேடையில் அவர் பெயர் வராது. பேரன்ட்ஸ் மீட்டிங்கில் அவருக்கு நாற்காலி இருக்காது. ஆனால் பிள்ளைக்கு வயிறு சரியில்லை என்பதை முதலில் கண்டுபிடிப்பவர் அவர்தான்.

சாப்பாடு, தூக்கம், காய்ச்சல்

வீட்டில் மொபைலைக் காட்டி, நிலாவைக் காட்டி, தெருவெல்லாம் நடந்து ஊட்டிய பிள்ளை, ப்ளே ஸ்கூலில் தானாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்றால் முதலில் முழிக்கத்தான் செய்யும். தானே சாப்பிடப் பழக, கொட்டித்தான் ஆக வேண்டும். அந்தக் கொட்டலைத் துடைக்க ஆள் வேண்டும். மறுபடி அதே ஆள் கணக்கு.

டப்பாவில் என்ன வைக்கிறோம் என்பதிலும் கவனம் தேவை. முழு வேர்க்கடலை, முழு திராட்சை, கெட்டி மிட்டாய், பாப்கார்ன் போன்றவை இந்த வயசில் தொண்டையில் சிக்கும் ஆபத்து உள்ளவை. திராட்சையை நீளவாக்கில் நறுக்கி வைப்பது நல்லது. பள்ளியில் மூச்சடைப்புக்கு முதலுதவி செய்யத் தெரிந்தவர் ஒருவராவது இருக்கிறாரா என்று கேளுங்கள்.

தூக்கம் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது: 1 முதல் 2 வயதுக் குழந்தைக்கு ஒரு நாளில் 11 முதல் 14 மணி நேரம், 3 முதல் 4 வயதுக்கு 10 முதல் 13 மணி நேரம், பகல் தூக்கமும் சேர்த்து. இரவு 11.30 வரை வீட்டில் டிவி ஓடினால், காலை 10 மணிக்கு வகுப்பில் காரணமே இல்லாமல் அழும் பிள்ளைக்கு மிஸ் என்ன செய்ய முடியும்?

அடுத்தது காய்ச்சல். ஒரே பொம்மையை 20 பேர் வாயில் வைக்கும் இடத்தில் சளி பரவாமல் இருக்காது. 'தக்காளிக் காய்ச்சல்' என்று பேச்சு வழக்கில் சொல்லப்படும் கை, கால், வாய் நோய் 5 வயதுக்குக் கீழ் உள்ளவர்களிடம் வேகமாகப் பரவும். காலையில் பாராசிட்டமால் சிரப் கொடுத்துப் பள்ளிக்கு அனுப்பிவிடுவது பல வீடுகளில் நடக்கிறது. 11 மணிக்கு மருந்தின் வேகம் குறைந்ததும் உடம்பு மறுபடி சுடும். அதற்குள் இன்னும் நாலு பிள்ளைகளுக்கு ஒட்டியிருக்கும்.

இதற்குப் பெற்றோரை மட்டும் திட்டிப் பயனில்லை. லீவு கேட்டால் முகம் சுளிக்கும் அலுவலகம், ஊரில் இருக்கும் தாத்தா பாட்டி, இரண்டு பேரும் வேலைக்குப் போக வேண்டிய இ.எம்.ஐ. பிள்ளையை யாரிடம் விடுவது? 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களில் குழந்தைகள் காப்பக வசதி இருக்க வேண்டும், தாய் ஒரு நாளில் 4 தடவை போய்ப் பார்க்கலாம் என்று 2017-ல் மகப்பேறு பயன் சட்டம் திருத்தப்பட்டது. உங்கள் அலுவலகத்தில் அது இருக்கிறதா என்று இன்றைக்கே ஹெச்.ஆரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

'அ, ஆ எழுத வரலையே?'

மிஸ்களுக்கு வரும் அழுத்தத்தில் பெரியது இது. 'பக்கத்து வீட்டுப் பிள்ளை ஏ முதல் இசட் வரை எழுதுது.'

எழுத்து வராததற்கு ஒரு எளிய உடல் காரணம் இருக்கிறது. மணிக்கட்டில் 8 சின்ன எலும்புகள் உண்டு. பிறக்கும்போது அவை வெறும் குருத்தெலும்புதான். வருஷம் போகப் போக ஒவ்வொன்றாக எலும்பாக மாறும். 3 வயசில் பாதிகூடத் தயாராகியிருக்காது. கடைசி எலும்பு தயாராக 9 வயசுக்கு மேல் ஆகும். விரல் தசைகளும் அப்படித்தான். அந்தக் கையில் பென்சிலைக் கொடுத்து கோட்டுக்குள் எழுதச் சொன்னால் கை வலிக்கும், எழுத்து என்றாலே வெறுப்பு வரும்.

அப்போ அந்த வயசில் எழுத்துக்கு என்ன செய்வது? மாவு பிசைவது, மணி கோப்பது, துணி கிளிப்பை அழுத்தித் திறப்பது, மண்ணில் விரலால் கோடு போடுவது, காகிதம் கிழிப்பது. பார்க்க விளையாட்டு மாதிரி இருக்கும். எழுதப்போகும் கைக்கு அதுதான் பயிற்சி. கரண்டியால் தண்ணீரை ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொரு கிண்ணத்துக்கு மாற்றும் வேலையை மான்டிசோரி வகுப்புகளில் பார்த்திருப்பீர்கள். 1907-ல் ரோமில் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கிய மரியா மான்டிசோரி, 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். உலகப் போர் காலத்தில் கொடைக்கானலிலும் தங்கினார். நமக்கு இது புது விஷயம் இல்லை.

2022-ல் வெளியான அடிப்படை நிலைக்கான தேசியப் பாடத்திட்டக் கட்டமைப்பு, 3 முதல் 6 வயது வரை பாடப்புத்தகம் தேவையில்லை, விளையாட்டும் வீட்டு மொழியும்தான் வழி என்கிறது. மூளை வளர்ச்சியில் 85 சதவீதத்துக்கும் மேல் 6 வயதுக்குள் நடந்துவிடுகிறது என்கிறது 2020 தேசியக் கல்விக் கொள்கை. அந்தக் கொள்கையைத் தமிழ்நாடு ஏற்காதது தனி விவாதம். ஆனால் சின்ன வயசில் விளையாட்டு முக்கியம் என்பதில் தமிழ்நாட்டுக்கும் மாற்றுக்கருத்து இல்லை. இங்கே அங்கன்வாடிகளுக்காக உருவான பாடத்திட்டத்தின் பெயரே 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா'.

மழலையர் வகுப்புக்கு நுழைவுத் தேர்வு, இன்டர்வியூ வைக்கக் கூடாது என்று யஷ்பால் குழு சொன்னது 1993-ல். மழலையர் வகுப்புக்குப் புத்தகப் பையே வேண்டாம் என்றது 2020-ல் வந்த பள்ளிப் பை கொள்கை. ஆனாலும் மூணு வயசுப் பிள்ளையிடம் "வாட்ஸ் யுவர் நேம்?" கேட்கும் இன்டர்வியூக்கள் இன்னும் ஓயவில்லை. பதில் சொல்லத் தெரியாமல் அம்மா முந்தானைக்குள் ஒளியும் பிள்ளை, வீட்டில் தமிழில் கதை கதையாக அளக்கும் பிள்ளையாகவே இருக்கும்.

அங்கன்வாடியில் சவால் வேறு மாதிரி

பால்வாடி என்று நாம் சொல்லிப் பழகிய அங்கன்வாடி, 1975 அக்டோபர் 2-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தின் மையம். தமிழ்நாட்டில் மட்டும் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன. ஃபீஸ் இல்லை, மதியச் சாப்பாடு உண்டு, முட்டை உண்டு. ஊர்ப்புறத்திலும் நகரத்துக் குடிசைப் பகுதியிலும் வேலைக்குப் போகும் அம்மாவுக்கு இதுதான் ப்ளே ஸ்கூல்.

ஆனால் அங்கே இருக்கும் பணியாளர் ஆசிரியர் மட்டும் இல்லை. கர்ப்பிணிகளைப் பதிவு செய்யணும், சத்துமாவு கொடுக்கணும், குழந்தைகளின் எடையும் உயரமும் பார்க்கணும், தடுப்பூசி நாளுக்கு வீடு வீடாகச் சொல்லணும், எல்லாவற்றையும் போஷன் டிராக்கர் செயலியில் ஏற்றணும். நெட் இழுக்காத ஊரில் இது தனி வேதனை. தேர்தல் வந்தால் வாக்காளர் பட்டியல் வேலையும் சேர்ந்துகொள்ளும். உதவியாளர் அடுப்படியில் இருக்கிறார். நடுவில் 2 வயசுப் பிள்ளையும் 5 வயசுப் பிள்ளையும் ஒரே அறையில். பெரியவனுக்குக் கதை சொன்னால் சின்னவள் எழுந்து வாசலுக்குப் போய்விடுவாள்.

ஊதியமும் இங்கே பேசியாக வேண்டிய விஷயம். சட்டப்படி இவர்களுக்கு வருவது 'சம்பளம்' இல்லை, 'மதிப்பூதியம்'. 2018 அக்டோபரில் மத்திய அரசு இதைப் பணியாளருக்கு மாதம் ரூ.4,500, உதவியாளருக்கு ரூ.2,250 என உயர்த்தியது. அதற்கு மேல் மாநிலங்கள் தங்கள் பங்கைச் சேர்க்கின்றன. தமிழ்நாட்டில் சிறப்புக் காலமுறை ஊதியம் தரப்படுகிறது. இவர்களுக்குப் பணிக்கொடை பெறும் உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2022 ஏப்ரலில்தான்.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னொரு சம்பவம். 2019-ல் தமிழ்நாட்டில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கப்பட்டது. தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் அங்கே அனுப்பப்பட்டார்கள். 2022-ல் அந்த ஆசிரியர்கள் திரும்ப அழைக்கப்பட, வகுப்புகள் தொடராது என்ற நிலை வந்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் அரசு முடிவை மாற்றி, சிறப்பு ஆசிரியர்களை நியமித்து வகுப்புகளைத் தொடர்ந்தது. அவர்களுக்கு அறிவிக்கப்பட்ட மதிப்பூதியம் மாதம் ரூ.5,000. மூளை வேகமாக வளரும் வயசு என்று எல்லோரும் சொல்லும் வயசுக்கு, நாம் கொடுத்த விலை அது.

சட்டம் என்ன சொல்கிறது?

கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரைக்கும்தான். 6 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு, அரசியல் சட்டத்தின் 45-வது பிரிவு 'பராமரிப்பும் கல்வியும் தர அரசு முயல வேண்டும்' என்கிறது. 'முயல வேண்டும்' என்பதற்கும் 'உரிமை' என்பதற்கும் நிறைய தூரம் இருக்கிறது.

2015-ல் தமிழ்நாடு அரசு ப்ளே ஸ்கூல்களுக்கென்று தனி ஒழுங்குமுறை விதிகளைக் கொண்டுவந்தது. விதி இருக்கிறது. ஆனால் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து, சுவரில் மிக்கி மவுஸ் வரைந்து, போர்டு மாட்டினால் ப்ளே ஸ்கூல் ரெடி என்ற நிலைமையும் பல தெருக்களில் தொடர்கிறது. பிள்ளையை அடிப்பது, இருட்டறையில் விடுவேன் என்று மிரட்டுவது எல்லாம் 'கண்டிப்பு' கணக்கில் வராது. பொறுப்பில் உள்ளவர் குழந்தையைக் கொடுமைப்படுத்துவது இளைஞர் நீதிச் சட்டத்தின் 75-வது பிரிவின்படி குற்றம். புகார் சொல்ல 1098 குழந்தைகள் உதவி எண் இருக்கிறது.

சேர்ப்பதற்கு முன்னால் என்ன கேட்கலாம்?

ஏ.சி. இருக்கா, ஸ்மார்ட் போர்டு இருக்கா என்பதைவிட முக்கியமான கேள்விகள் இவை:

• என் பிள்ளையின் வகுப்பில் எத்தனை பேர்? அவர்களுக்கு எத்தனை பெரியவர்கள்? ஒருவர் லீவு போட்டால் பதிலுக்கு யார்?

• மிஸ்களும் ஆயாம்மாவும் எத்தனை வருஷமாக இங்கே இருக்கிறார்கள்? அடிக்கடி ஆள் மாறும் இடத்தில் பிள்ளை ஒட்டாது.

• பாத்ரூம் எங்கே? போய்ப் பார்க்கலாமா? ('பார்க்க முடியாது' என்பதும் ஒரு பதில்தான்.)

• டிவி, மொபைல் எவ்வளவு நேரம்? 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு மொத்தமே ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் வீட்டுக் கணக்கும் சேரும்.

• ஓடி விளையாட இடம் உண்டா? கேட் பூட்டியிருக்குமா? பிள்ளையை யாரிடம் அனுப்புவார்கள் என்பதற்குப் பதிவேடு உண்டா?

• அழுதால், கடித்தால், நனைத்தால் என்ன செய்வீர்கள்?

கடைசிக் கேள்விக்கு வரும் பதிலை மட்டும் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். "எங்ககிட்ட அந்த மாதிரி எல்லாம் நடக்காது" என்று சொல்லும் பள்ளியைவிட, "நடக்கும், நடந்தா இப்படிப் பண்ணுவோம்" என்று சொல்லும் பள்ளி நம்பகமானது.

சரி, அந்த 3 நிமிடம்?

மறுபடி முதல் கணக்குக்கு வரலாம். 300 நிமிடம் 'வேலை'க்குப் போய்விட்டது, 'படிப்பு'க்கு மிஞ்சியது பிள்ளைக்கு 3 நிமிடம் என்று பார்த்தோம். ஆனால் அந்தப் பிரிவினையே பெரியவர்களுடையது. பிள்ளைக்கு அப்படி இல்லை.

குழாயடியில் ஆயாம்மா, "சில்லுனு இருக்கா? ஒரு கை, இன்னொரு கை, மொத்தம் எத்தனை கை?" என்று கேட்டால் அது கணக்கு வகுப்பு. டப்பாவைத் திறக்கும்போது "இது ஆரஞ்சு கலர் கேரட், இவனோடது பச்சை வெள்ளரிக்கா" என்றால் அது நிறப் பாடம். ஷூவை மாட்டும்போது இடது, வலது. சண்டையை விலக்கும்போது "அவளுக்கும் வேணுமாம், நீ முடிச்சதும் தர்றியா?" என்பது மொழிப் பாடமும், அதைவிடப் பெரிய பாடமும். அந்த 300 நிமிடமும் படிப்புதான். செய்பவருக்கு அவசரம் இல்லாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். 40 பிள்ளைக்கு ஓடும் ஒருவரால் கையைக் கழுவிவிட முடியும், கையை எண்ண வைக்க முடியாது.

அதனால் மதியம் கேட்டில் நிற்கும்போது கேள்வியைக் கொஞ்சம் மாற்றிப் பார்க்கலாம். "என்ன படிச்ச?" என்பதற்குப் பதில், "இன்னிக்கு யாரு பக்கத்துல உக்காந்த? மீன் என்ன பண்ணுச்சு?" என்று கேட்டால் வேறு பதில் வரலாம். அப்படியே, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து தரும் ஆயாம்மாவின் பெயர் என்ன என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளலாம். உங்கள் பிள்ளைக்கு அது ஏற்கெனவே தெரிந்திருக்கும்.